பாலைவனம் பக்கத்திலேயே

அயோத்தியாப்பட்டணத்துக்காரர்கள் பாலைவனச் சோலை பார்க்க ஐக்கிய அரபு அமீரகத்தின் அல்ஐன் வரை விமானம் ஏறுவது வீண்செலவு. சேலத்துக்கே குடிநீர் தந்த பனமரத்துப்பட்டி ஏரியில் ஆண்டுக்கணக்காகச் சீமைக்கருவேலம் வளர்த்தோமே, அது எந்தப் பாலைக்குக் குறைச்சல்? ஒட்டகம் இல்லையே என்பார்கள். குலுங்கிக் குலுங்கி வரும் தண்ணீர் லாரி இருக்கிறது. அது நின்ற இடத்தில் குடங்கள் பூக்கும். சக்கரம் வைத்த சோலை வேறெங்கு உண்டு? இங்கே மழை பெய்கிறதே என்பது அடுத்த ஆட்சேபம். அதில்தான் நம் திறமையே இருக்கிறது. மழையில்லாத ஊர் காய்வது இயற்கை. ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழையையும் மீறிக் காய்வது உழைப்பு. அல்ஐன்காரர்கள் பாவம், நிலத்தடி வாய்க்காலைப் பராமரித்து, முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சியே காலம் கழித்தவர்கள். 2011-இல் யுனெஸ்கோ அங்குள்ள சோலைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிவிட்டது. இனி வீட்டுமனை போடவும் வழியில்லை.