நிதியாண்டுக்குள்ள வளந்துரணும்

ஏலே பேராண்டி, உங்க ஆபீஸ் நடைமுறை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பத்து வயசுப் பிள்ளைகளோட மூளை இருபத்தஞ்சு வயசு வரைக்கும் எப்படி மாறுதுன்னு பாக்கணும்னு ஒரு டாக்டரம்மா காசு கேட்டு எழுதியிருக்காக. நீங்க மூணு வருசத்துக்குக் காசு தாரோம், மூணாம் வருசம் முடிவைக் காட்டுங்கன்னு பதில் போடப் போறீக. ரொம்பச் சரி. அப்படியே அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை விட்டுரு: மார்ச் 31க்குள்ள எல்லாரும் வளந்துரணும், தவறுனா விளக்கம் கேக்கப்படும்னு.

அதெதுக்குத் தாத்தா அத்தனை வருசம், பத்து வயசுல நூறு பேரு, இருபது வயசுல நூறு பேரு, ஒரே வாரத்துல எம்.ஆர்.ஐ. மிசினுக்குள்ள படுக்க வச்சுப் பாத்துட்டா வேலை முடிஞ்சதுங்கே. படிச்சவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். மாட்டுத்தாவணிக்குப் போனா கன்னுக்குட்டியும் நிக்கும், காளையும் நிக்கும். ரெண்டையும் ஒரு நாள் பாத்துட்டு, எந்தக் கன்னு நாளைக்கு முட்டும், எது உழும்னு துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசிருவியா நீ? கஞ்சா குடிக்க பயலுக மூளை வேற மாதிரி இருக்குன்னு வச்சுக்கோ. குடிச்சதால அப்படி ஆச்சா, அப்படி இருந்ததால குடிச்சானா? அவன் தொடுததுக்கு முந்தியே பாத்து வச்சிருந்தாத்தான் சொல்ல முடியும்.

1991ல அமெரிக்காவுல பெத்தெஸ்டாங்கிற ஊருல ஜே கீட்னு ஒரு டாக்டர், பிள்ளைகளை ரெண்டு வருசத்துக்கு ஒருக்காக் கூப்பிட்டுப் படம் எடுக்க ஆரம்பிச்சாரு. நெத்திக்குப் பின்னால இருக்க சாம்பல்நிறப் பகுதி பதினொண்ணு, பன்னெண்டு வயசு வரைக்கும் பெருத்து, பொறவு மெலியுதுன்னு 1999ல எழுதினாரு. அந்த முன்மூளை முத்தி முடிய இருபது வயசு தாண்டிருது. எட்டு வருசம் அந்தாளுக்குச் சம்பளம் குடுத்தவுக என்ன பொறுமைசாலிகளோ! உங்க ஆபீஸா இருந்தா ரெண்டாம் வருசமே ஆடிட்டு வந்திருக்கும்.

அதே நாட்டுக்காரன் கெடுக்கவும் தெரிஞ்சவன்தான். 2000ல சட்டமே போட்டாக. லட்சம் பிள்ளைகளைத் தாய் வயித்துல இருக்கும்போதே சேத்து 21 வயசு வரைக்கும் பாக்கதுன்னு திட்டம். எப்படிச் சேக்கதுன்னு யோசிச்சாக, மாத்துனாக, திரும்பவும் யோசிச்சாக. 2014 டிசம்பர்ல கடையைச் சாத்திட்டாக. 120 கோடி டாலருக்கு மேல செலவு. சட்டம் போட்ட வருசம் பெறந்த பிள்ளைக்கு அப்ப 14 வயசு. அது மூளை அதுபாட்டுக்கு மாறிக்கிட்டுத்தான் இருந்திருக்கும், பாக்கத்தான் ஆளில்லை.

மறு வருசமே ஏபிசிடின்னு பேரு வச்சு இன்னொண்ணைத் தொடங்கினாக. பேராவது எல்லாருக்கும் விளங்கட்டும்னு நினைச்சாகளோ என்னமோ. 21 இடம், 9, 10 வயசுல பன்னெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கொறஞ்ச பிள்ளைக, பத்து வருசம், ரெண்டு வருசத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ. எச்சி, தலைமுடி, விழுந்த பால்பல்லு வரைக்கும் வாங்கி வச்சுக்கிட்டாகளாம். நாம பல்லை எல்லாம் கூரைமேல எறிஞ்சு எத்தனை ஆராய்ச்சியைப் பாழாக்கியிருக்கோம் பாரு. 2020ல இன்னும் ஏழு வருசத்துக்குன்னு 29 கோடி டாலர் கிட்ட ஒதுக்குனாக. உங்க ஆபீஸ்ல ஒரு கோப்பு ஏழு வருசம் ஒரே மேசையில இருந்தா அது தூங்குதுன்னு அர்த்தம். அங்க வேலை நடக்குதுன்னு அர்த்தமாம்.

எல்லாரையும் விடக் கெட்டிக்காரன் நியூசிலாந்துக்காரன். டனீடின்னு ஒரு ஊரு. 1972, 73ல அங்க பெறந்த 1,037 பிள்ளைகளை மூணு வயசுல இருந்து விடாமப் பாக்காக. அதுகளுக்கு 45 வயசாகும்போது உயிரோட இருந்தவுக 997 பேரு. அதுல 938 பேரு திரும்ப வந்து உக்காந்தாக, பெரும்பாலானவுக மிசினுக்குள்ளயும் படுத்தாக. நூத்துக்கு 94! எப்படிங்கே? எந்தத் தேசத்துல இருந்தாலும் டிக்கெட் எடுத்துக் குடுத்துக் கூப்பிடுதாக. வந்தவுக சொன்ன சங்கதியை வெளியே விடுதது இல்லை. இதுல எந்தப் பெரிய விஞ்ஞானமும் கிடையாது. ஆளு எங்க இருக்கான்னு தெரிஞ்சு வச்சிருக்காக, அம்புட்டுத்தான்.

நம்ம நாட்டுல இதெல்லாம் ஆகாதுன்னு சொல்லித் தப்பிக்காதே. பெங்களூரு நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்காரவுக பிரிட்டன் ஆளுகளோட சேந்து, சண்டிகர், கொல்கத்தா, இம்பால், மைசூரு, ரிஷிவேலி உள்பட ஏழு இடத்துல 6 வயசுல இருந்து 23 வயசு வரைக்கும் உள்ளவுகளைச் சேத்திருக்காக. வயித்துக்குப் பத்தாத சோறு, தண்ணியிலயும் காத்துலயும் இருக்க நஞ்சு, வீட்டுக் கஷ்டம் எல்லாம் மூளையை என்ன செய்யுதுன்னு வெள்ளைக்காரப் பிள்ளைகளை மட்டும் படம் எடுத்துத் தெரிஞ்சுக்கிட முடியுமா?

ஆனா நம்ம பிள்ளைக ஒரு இடத்துல நிக்காது. பய பதினெட்டு வயசுல திருப்பூருக்குப் போயிருவான், செல்போன் நம்பரை மாத்திருவான். பொம்பளப்பிள்ளை இருபத்தொண்ணுல வேற ஊருக்கு வாக்கப்பட்டுப் போயிரும். மாமியாகிட்ட நயமாப் பேசி, அந்தப் பிள்ளையைத் திரும்ப மிசினுக்குக் கூட்டியாரணும். அதுக்கு எம்.டி. படிப்பு உதவாது. வாய்ச்சாலகமுள்ள ஒரு அக்கா வேணும், அவளும் பதினஞ்சு வருசம் அதே வேலையில இருக்கணும். அந்தப் பிள்ளை நம்புதது ஆஸ்பத்திரிக் கட்டடத்தை இல்லை, அந்த அக்காவை.

உன் கோப்பைப் பொரட்டிப் பாத்தேன், கோவிச்சுக்கிடாதே. மிசினுக்கு உடனே சரின்னு போட்டிருக்கே. போடத்தானே செய்வே, மந்திரி வந்து ரிப்பன் வெட்டலாம்லா. பஸ் காசையும் போன் காசையும் பாதியாக் கொறைச்சிருக்கே. 'களப் பணியாளர், நிரந்தரம்'ங்கிற வரியைச் சிவப்பு மையால சுழிச்சு வச்சிருக்கே. தாராளமா அடிச்சிரு. அடிச்ச இடத்துக்குப் பக்கத்துலயே கையெழுத்தை மட்டும் விளங்குத மாதிரிப் போட்டு, பேரையும் இனிஷியலோட முழுசா எழுதிரு. பதினஞ்சு வருசம் கழிச்சு, போன பிள்ளைக எங்கேன்னு தேடுதவுக முதல்ல உன்னையாவது கண்டுபிடிக்கட்டும்.