துணி விற்ற முற்றம்

கே: இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரிலுள்ள பீஸ் ஹால், படத்தில் அரண்மனை மாதிரி இருக்கிறதே. எந்த ராஜா கட்டியது?

ப: ராஜா இல்லை, துணிக்காரர்கள். வீட்டுத் தறியில் நெய்த கம்பளித் துணியை விற்பதற்காக அவர்களே பணம் போட்டு எழுப்பிய சந்தை அது. 1779 ஜனவரி 1-இல் திறந்தது. நடுவே பெரிய முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரங்கள், 315 அறைகள்.

கே: வெளிச்சுவரில் ஜன்னலே இல்லையாமே?

ப: உள்ளே இருந்த சரக்கு அப்படி! ஒரு துண்டு துணி ஏறக்குறைய 30 கெஜம். ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு. திருடன் கை வைக்க வழி விடுவார்களா? கதவு, ஜன்னல் எல்லாம் முற்றத்தைப் பார்த்தபடிதான். வெளிச்சமும் அங்கிருந்தே வந்தது. நான் வியப்பது இன்னொன்றை. நிலம் கிழக்கே சரிகிறது. அதற்காக மண்ணைக் கொட்டி மேடாக்காமல், மேற்கே இரண்டு தளம், கிழக்கே மூன்று தளம் என்று கட்டி, கூரையை ஒரே மட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். அந்தக் கொத்தனார்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கே: வியாபாரம் நாள் முழுக்க நடந்ததா?

ப: சனிக்கிழமை இரண்டே மணி நேரம். மணி அடித்தால் தொடக்கம், மணி அடித்தால் முடிவு. நேரம் தவறி விற்றால் அபராதம்.

கே: அப்புறம் ஏன் நொடித்தது?

ப: ஆலைகள் வந்தன. ஆலை முதலாளி வணிகரிடம் நேரே விற்றார். தறிக்காரரின் மண்டபம் காலியானது.

கே: அதன்பின் காய்கறிச் சந்தையாக்கினார்களாம். இவ்வளவு அழகான கட்டடத்துக்கு அது அவமானம் இல்லையா?

ப: இல்லவே இல்லை. 1871 முதல் ஒரு நூற்றாண்டு அதைத் தாங்கியது காய்கனி மொத்த வியாபாரம்தான். முற்றத்தில் கொட்டகைகள் போட்டு அழகைக் கெடுத்தது உண்மை. ஆனால் கொட்டகையைப் பிரித்துவிடலாம், இடித்த மண்டபம் திரும்பி வராது. பக்கத்து ஊரான ஹடர்ஸ்ஃபீல்டின் துணி மண்டபத்தை 1930-இல் தரைமட்டமாக்கினார்கள். ஹாலிஃபாக்ஸிலும் சந்தை வெளியேறியதும் இடிக்கிற பேச்சு எழுந்தது. நல்லவேளை, ஊர் விடவில்லை. 1976-இல் பழுது பார்த்துத் திறந்தார்கள்.

கே: இன்று அங்கே என்ன இருக்கிறது?

ப: பெரிய சீரமைப்புக்குப் பின் 2017 ஆகஸ்ட் 1-இல் மறுபடி திறந்தது. பழைய அறைகளில் சிறு கடைகள், உணவகங்கள். கோடையில் முற்றத்தில் இசைக் கச்சேரி. கச்சேரிக்குத்தான் டிக்கெட், மற்ற நேரம் முற்றத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. லீட்ஸ் பக்கம் போனால் ரயிலேறிப் போய்ப் பாருங்கள். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம்.