வி., தி., ஓ.: விழுப்புரம் மாவட்டக் குடும்பப்பெயர்கள் பற்றி ஓர் ஆராய்ச்சி

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் ஒருவரை நிறுத்தி, "உங்கள் குடும்பப்பெயர் என்ன?" என்று கேட்டால், முதலில் அப்பா பெயரைச் சொல்வார். அது இல்லை என்றால் ஊர்ப் பெயரைச் சொல்வார். மேலும் வற்புறுத்தினால், "எதுக்குக் கேக்கறீங்க?" என்பார். மூன்றாவது விடைதான் நியாயமானது. ஆயினும் ஆராய்ச்சி என்று புறப்பட்ட பின் நியாயம் பார்க்க முடியாது என்பதால், முதலிரண்டு விடைகளையும் ஈண்டு விசாரிப்போம்.

நமது கருதுகோள் வருமாறு: தமிழனுக்குக் குடும்பப்பெயர் உண்டு. அது ஓரெழுத்தும் ஒரு புள்ளியும் கொண்டது. மக்கள் வழக்கில் இனிஷியல் எனப்படும். தமிழறிஞர்கள் தலைப்பெழுத்து என்பர். பெயருக்கு முன்னால் நிற்பது, ஒரு தலைமுறைக்கு மேல் உயிர் தரிக்காதது.

பெயரின் பின்னால் இருந்த வால் எங்கே அறுந்தது என்பதில் ஐயமில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரோடு சாதிப் பட்டம் சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. செங்கல்பட்டிலிருந்து அதே ரயில் பாதையில் தெற்கே வந்தால் திண்டிவனம், அதற்கும் தெற்கே விழுப்புரம். ஆகவே செய்தி ரயிலிலேயே வந்திருக்கும் என்று கொள்க. இனிஷியல் அதற்கு முன்பும் இருந்ததுதான். வால் போன பிறகே தலைக்கு மவுசு கூடியது.

இனி 'வி'யை எடுத்துக்கொள்வோம். இவ்வெழுத்தின் ஆகச் சிறந்த சான்று 1928 அக்டோபர் 1 அன்று விழுப்புரத்தில் பிறந்த வி.சி. கணேசன். 'வி' விழுப்புரம், 'சி' தந்தை சின்னையா. இம்முழுப்பெயரையும் சுருக்கினால் வி.சி.க. என்று வரும். இம்மாவட்டத்தில் அவ்வெழுத்துகளைச் சுவரில் பார்ப்பவர்கள் அது பிற்காலத்தில் தோன்றிய ஓர் அரசியல் கட்சி என்பதையும், கணேசனுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதையும் அறிக.

கணேசன் அந்த 'வி'யை வைத்துக்கொள்ளவில்லை. அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்ததைப் பார்த்த பெரியார், 'சிவாஜி' கணேசன் என்றார். அது ஒட்டிக்கொண்டது. விழுப்புரம் போய் மராட்டியம் வந்தது எப்படி என்று ஆய்வுலகம் இதுவரை கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் செஞ்சியைப் பார்த்திருக்கும். திண்டிவனத்துக்கு மேற்கே உள்ள செஞ்சிக் கோட்டையைச் சிவாஜி 1677இல் கைப்பற்றினார். இன்று அது விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. மராட்டியர் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்து இடம்பெற்ற ஒரே கோட்டையும் அதுதான். ஆக, சிவாஜி வந்து எங்கள் கோட்டையை எடுத்துக்கொண்டார். இரண்டரை நூற்றாண்டு பொறுத்திருந்து நாங்கள் அவர் பெயரை எடுத்துக்கொண்டோம். கணக்கு நேராயிற்று. இன்று தமிழ்நாட்டில் 'சிவாஜி' என்றதும் எத்தனை பேருக்கு மராட்டியர் ஞாபகம் வருகிறது என்று பார்த்தால், லாபம் நம் பக்கம்தான்.

இதே குடும்பம் நமக்கு ஒரு விதியையும் வகுத்துத் தருகிறது. கணேசனின் மூத்த மகன் ராம்குமார் கணேசன். அவர் மகன் துஷ்யந்த் ராம்குமார். இளைய மகன் பிரபு. அவர் மகன் விக்ரம் பிரபு. கேட்பதற்கு வடநாட்டு, மேல்நாட்டுக் குடும்பப்பெயர் போலவே இருக்கிறது. ஆனால் தாத்தாவின் பின்பெயரைப் பேரன் சுமக்கவில்லை. முன்னால் நிற்க வேண்டிய இனிஷியலை விரித்துப் பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. உலகில் இப்படிச் செய்வோர் நாம் மட்டுமல்லர். ஐஸ்லாந்துக்காரர்கள் அப்பா பெயரோடு 'சன்' அல்லது 'தோத்திர்' சேர்த்துக்கொண்டு, தொலைபேசிப் புத்தகத்தைக்கூட முதற்பெயர் வரிசையில் அச்சிட்டார்கள். அவர்களுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு வெயில் ஒன்றுதான்.

பெண்களின் இனிஷியலுக்கு ஆயுள் இன்னும் குறைவு. தாலி ஏறியதும் பல வீடுகளில் எழுத்தும் மாறிவிடுகிறது. மதிப்பெண் சான்றிதழில் அப்பா, ரேஷன் கார்டில் கணவர் என்று ஒரே பெண் இரண்டு பெயரில் வாழ்கிறாள். இருவரும் ஒருவரே என்று அவளே உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தர வேண்டியிருக்கிறது. வேதாந்தத்தில்கூட இவ்வளவு முத்திரைத்தாள் செலவு கிடையாது.

திண்டிவனத்துக்கு வருவோம். 'திந்திரிணி' என்றால் புளி. திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு. ஊர்க் கோயிலின் இறைவனும் திந்திரிணீஸ்வரர்தான். புளியமரத்தில் பேய் இருக்கும் என்பார்கள். இங்கே ஒரு முழு ஊரே இருக்கிறது. ஆனால் இவ்வூரார் தம் ஊரைப் பெயரில் சேர்க்கும்போது ஓரெழுத்தாகச் சுருக்குவதில்லை. காங்கிரஸ்காரரான ராமமூர்த்தியை 'திண்டிவனம் ராமமூர்த்தி' என்றே நாடு அறியும். விழுப்புரத்தார் ஓரெழுத்தில் முடித்துக்கொள்ள, திண்டிவனத்தார் மட்டும் ஆறெழுத்தையும் சுமப்பது ஏன்?

இதற்கு விடை மாவட்டப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் 'தி'யில் தொடங்குபவை 8: திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி, திருப்பத்தூர், திருப்பூர், திருவண்ணாமலை, திருவள்ளூர், திருவாரூர். இந்த நெரிசலில் 'தி. ராமமூர்த்தி' என்று போட்டால் எட்டு ஊர்க்காரர்களும் சொந்தம் கொண்டாட வருவார்கள். 'வி'யில் தொடங்குபவையோ இரண்டே: விழுப்புரம், விருதுநகர். விருதுநகரின் புகழ்பெற்ற மைந்தர் காமராஜரோ ஊரை விட்டுவிட்டு அப்பா குமாரசாமியின் 'கு'வை வைத்துக்கொண்டார். எழுத்து முழுவதும் விழுப்புரத்துக்கே விடப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதினால் வேலூரும் வந்து அதே எழுத்தில் ஒண்டிக்கொள்ளும். 2021 டிசம்பரில் அரசு இனிஷியலையும் தமிழிலேயே எழுதச் சொல்லி ஆணையிட்டதும் வேலூர் 'வே' ஆகி ஒதுங்கிற்று. மொழிப்பற்று ஒரு பக்கம் இருக்கட்டும். இட நெருக்கடி தீர்ந்ததைக் கவனிக்க.

இக்குடும்பப்பெயரின் செல்வாக்கு மீனம்பாக்கம் வரை தடையின்றிப் பரவியிருக்கிறது. அதற்கு அப்பால்தான் சிக்கல். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் புள்ளி வைத்த எழுத்து செல்லாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவரின் ஒற்றைப் பெயரை அமெரிக்க விசா குடும்பப்பெயராகக் கொள்கிறது. முதற்பெயருக்கு 'எஃப்.என்.யு.' என்று போடுகிறது. முதற்பெயர் அறியப்படவில்லை என்று பொருள். அங்கே வங்கியிலும் மருத்துவமனையிலும் அதையே பெயராக எண்ணி அன்போடு கூப்பிடுவார்கள். குலதெய்வம் பார்த்துப் பெயர் வைத்த பாட்டி இதைக் கேட்கக் கூடாது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகமும் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வர வேண்டாம் என்றது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று இறங்கி வந்தது. எப்படிச் சுற்றினாலும் அப்பாவிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக 'ஓ'. இது அரிய எழுத்து. இதற்காகத் தனி நூலே எழுதலாம். திண்டிவனத்துக்கு அருகே உள்ள ஓமந்தூரைச் சேர்ந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமர். நாடு விடுதலை அடைந்தபோது கோட்டையில் இருந்தவர் அவர்தான். தேவதாசி ஒழிப்புச் சட்டம் அவர் காலத்தது. மக்கள் அவரை ஓமந்தூரார் என்றார்கள். கவனிக்க: அந்த ஒரு சொல்லில் அப்பா இல்லை, சாதி இல்லை, அவருடைய சொந்தப் பெயர்கூட இல்லை. ஊரும் ஓர் 'ஆர்' மரியாதையும் மட்டுமே மிச்சம். செங்கல்பட்டுத் தீர்மானம்கூட இந்த அளவுக்குத் துணியவில்லை.

பின்னர் அண்ணா சாலையில் உள்ள அரசினர் தோட்டத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அங்குள்ள பன்னோக்கு மருத்துவமனையை எல்லோரும் ஓமந்தூரார் ஆஸ்பத்திரி என்கிறார்கள். ஊர்ப் பெயர் ஆளின் பெயராகி, ஆளின் பெயர் மறுபடி இடத்தின் பெயராகிவிட்டது. இதனால் விளையும் ஆய்வுச் சிக்கல் ஒன்று உண்டு. ஓமந்தூரிலிருந்தே ஒரு பெரியவர் வைத்தியத்துக்கு அங்கே வந்து வரிசையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சீட்டு எழுதுபவர் கேட்கிறார்:

"ஊரு?"

"ஓமந்தூர்."

"ஐயா, ஆஸ்பத்திரி பேரு எனக்குத் தெரியும். உங்க ஊரைச் சொல்லுங்க."