தற்பேணியல், உரையுடன்

பாயிரம்

சிறப்புப் பாயிரம் எட்டு செய்தி சொல்ல வேண்டும் என்பது நன்னூல் காட்டும் நெறி. எட்டையும் சொல்லப் புகுந்தால் வாசகர் எழுந்து போய்விடுவார். வேண்டியவற்றை மட்டும் சொல்வோம். நூற்பெயர், தற்பேணியல். நுதலிய பொருள், தம் உடம்பைத் தாமே பேணுவதாகச் சொல்லிக்கொள்வோரின் வகையும் தொகையும். எல்லை, வடக்கே குளியலறை, தெற்கே அடுப்படி, கிழக்கே தெருமுனைப் பூங்கா, மேற்கே மருந்துக்கடை. கேட்போர், ஞாயிறன்று நாளிதழ் இணைப்பைப் படித்துவிட்டுத் திங்கள் முதல் வெந்தயம் ஊறவைக்கத் தீர்மானிக்கும் குடும்பத்தார். பயன் இறுதியில் பெறப்படும், பொறுமை வேண்டும்.

முன்னோர் கொள்கை

தன்னைப் பேணுதல் பற்றி முன்னோர் சொல்லாமல் விடவில்லை. வள்ளுவர் மருந்துக்கென 95ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார். முன்பு உண்டது செரித்ததை அறிந்து பிறகு உண்டால் மருந்தே வேண்டாம் என்பது அதன் சாரம். இந்த விதியைக் கல்யாணப் பந்தியில் கடைப்பிடித்தவரை யாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தேரையர் இன்னும் கறாரானவர். பிணி அணுகாமலிருக்க அவர் கால அட்டவணையே வகுத்தார்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மூக்கில் நசியம், நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு, மூன்று நாளுக்கு ஒருமுறை கண்ணுக்கு மை. கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 91 முழுக்கு வருகிறது. தீபாவளிக்கு ஒன்று, மாமியார் வீட்டில் வற்புறுத்தலால் ஒன்று என இரண்டோடு ஆண்டை முடிக்கும் நாம் 89 முழுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

இன்னொரு பழைய வைத்தியப் பாட்டு, நீரைக் காய்ச்சிக் குறுக்கியும், மோரில் நீர் சேர்த்துப் பெருக்கியும், நெய்யை உருக்கியும் உண்பவரிடம் நோய் அண்டாது என்கிறது. நல்ல மருத்துவம்தான். ஆனால் நீரைக் காய்ச்சியது யார், மோரைக் கடைந்தது யார், நெய்ச்சட்டியைத் தேய்த்தது யார் என்பதைப் பாட்டு சொல்லவில்லை. உண்பவருக்கு நோய் இல்லை. உருக்கியவர் கதி என்ன என்பதற்கு உரையும் இல்லை. அந்த இடைவெளியில்தான் இந்நூல் பிறக்கிறது.

வகுப்பு நெறி

பிறர் தற்பேணலை வாதம், பித்தம், கபம் எனப் பிரிப்பர். சிலர் தலை முதல் பாதம் வரை உறுப்பு வாரியாகவும், சிலர் செலவு வாரியாகவும் பிரிப்பர். இவை எல்லாம் பேணப்படும் உடம்பை நோக்கிய பிரிவுகள். யாம் எச்சத்தை நோக்குகிறோம்.

தற்பேணல் ஒவ்வொன்றும் ஓர் எச்சத்தை விட்டுச் செல்லும் என்பது முதல் விதி. பாத்திரமோ, பிசுக்கோ, ஈரத் துண்டோ ஏதேனும் ஒன்று மிஞ்சியே தீரும். அவ்வெச்சம் தானாக மறையாது என்பது இரண்டாம் விதி. இவ்விரண்டையும் வைத்து நோக்க, தற்பேணுவோர் ஐவகையர். அவருள் அடங்காதார் ஒருவகையர்.

1. முழுக்காளர்

ஆடவர்க்குப் புதனும் சனியும், பெண்டிர்க்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் முழுக்குக்குரிய நாள் என்பது வழக்கு. புதன் அலுவலகத்துக்குப் போய்விட்டது. சனி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

முழுக்காளர் அரைமணி நேரம் துண்டோடு மொட்டைமாடியில் உலவுவார். உள்ளங்கால்வரை எண்ணெய் இருப்பதால் அவர் கால்பட்ட இடமெல்லாம் தடம் தெரியும். பிறகு உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டு கேட்கத் தொடங்குவார். "சீயக்காய் எங்கே?" "ஜன்னல் மேலதான் இருக்கு, பாருங்க." "வெந்நீர் பத்தாது போலிருக்கே?" "இன்னொரு அண்டா காயுது, இருங்க."

எச்சம்: தரையில் எண்ணெயும் சீயக்காயும் குழைந்த பழுப்புச் சேறு, நீர்ப்போக்கியில் அப்பிய மயிர்ச் சுருள், எத்தனை துவைத்தாலும் போகாத வாடையோடு ஒரு துண்டு, மிளகும் சீரகமும் போட்டு எண்ணெய் காய்ச்சிய இரும்புக் கரண்டி. ரசச் சட்டியும் பூண்டுத் துவையல் அரைத்த ஜாரும் இதன் கிளை எச்சங்கள் என்க.

2. கஷாயர்

இவர் விடியலில் ஏதேனும் ஒன்றைக் குடிப்பவர். வெந்தயம், சீரகம், நெல்லிக்காய், வாழைத்தண்டு, அருகம்புல் எனப் பருவத்துக்கும் வாட்ஸப்புக்கும் ஏற்ப மாறுவார். டெங்கு பேச்சு எழுந்தால் நிலவேம்புக்குப் போவார். நிலவேம்புக் குடிநீரில் சரக்கு ஒன்பது. ஒன்பதும் சேர்ந்த கசப்பைக் குடித்தவர் முகமே விளம்பரம்.

குடிநீர் பக்குவம் நான்கு டம்ளரை ஒரு டம்ளராக வற்றவைப்பது. வற்றிய மூன்று டம்ளரும் ஆவியாகப் போக, அவை இருந்த உயரத்தில் பாத்திரத்தின் உட்புறம் ஒரு கருவளையம் நிற்கும். சாம்பலும் கம்பி நாரும் புளியும் போட்டுத் தேய்த்தாலும் அது மெல்லத்தான் கரையும். நெல்லிச் சாறு என்றால் மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில் நார் சுற்றிக்கொள்ளும். அதை ஊசியால் எடுப்பவருக்கு வைட்டமின் சி கிடையாது.

3. நடையர்

இவர் காலையில் பூங்காவுக்குப் போகிறவர். நேர்நடையர், எட்டு போடுவோர், பெஞ்சு நடையர் என மூவகை. பெஞ்சு நடையர் நடந்தே பெஞ்சை அடைவதால் வகையில் சேர்க்கப்பட்டார்.

நடையரின் வேத எண் பத்தாயிரம். இந்த எண் எந்த மருத்துவரின் சீட்டிலிருந்தும் வந்ததன்று. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டான 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலேயே பத்தாயிரம் இருந்தது. அங்கிருந்து உலகத்தின் மணிக்கட்டுக்கெல்லாம் ஏறியது. 2019இல் வயது முதிர்ந்த அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு குறைந்திருந்தது தெரிந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. இதை நம்மூர் நடையரிடம் சொன்னால் மீதி 2,500 அடியை வாசலில் காத்திருக்கும் சூப் வண்டிக்கு ஒதுக்குவார்.

எச்சம்: வியர்த்த பனியன், மணல் சாக்ஸ், நடந்து வந்த உரிமையால் இரட்டிக்கும் இட்லிக் கணக்கு.

4. கொப்பளிப்போர்

வெறும் வயிற்றில் எண்ணெயை வாயில் ஊற்றி இருபது நிமிடம் ஊம் கொட்டியே குடும்பம் நடத்துவோர் இவர். அந்த இருபது நிமிடம் வீட்டுக்கே நலம் பயப்பதால் இவ்வகைக்கு யாம் பெரிதும் கடன்பட்டுள்ளோம். ஆயினும் எச்சம் உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கும். வாஷ்பேசினில் துப்பியது மார்கழியில் குழாய் வளைவில் வெள்ளையாக உறைந்து நிற்கும். பிளம்பர் வந்து கழற்றிக் காட்டும்போது கொப்பளிப்போர் எங்கோ வெளியே போயிருப்பார்.

5. அளப்போர்

ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை மானி, மணிக்கட்டுக் கடிகாரம் ஆகியவற்றால் தம்மை அளந்துகொண்டே இருப்போர். தமிழகத்தில் வயது வந்தோருள் 14.4 சதவீதத்தினர்க்கு நீரிழிவு உண்டென்று 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்வதால், இவ்வகையைக் கேலி செய்வது நூலாசிரியனுக்கு அழகன்று. அளத்தல் வேண்டும். ஆனால் குத்திய ஊசியும், கசிந்த பஞ்சும், பட்டையும் சோபா இடுக்கில் கிடக்கும். ஏழு நாளுக்கு ஏழு அறை கொண்ட மாத்திரை டப்பா ஞாயிறு இரவு தானே நிரம்பிவிடுவதாக இவர் நம்புவார். காலியாகும்போது மட்டும் கண்டுபிடிப்பார்.

பிறநாட்டார் கொள்கை

அமெரிக்கச் செவிலியர் டொரத்தியா ஓரெம் 1971இல் வெளியிட்ட நூலில் தற்பேணலைச் செவிலியக் கோட்பாடாகவே வகுத்தார். ஒருவரால் தம்மைப் பேண முடியாதபோதுதான் செவிலியர் தேவை என்பது அவர் அடிப்படை. அவ்வுதவி மூவகை: எல்லாவற்றையும் செவிலியரே செய்தல், பாதியைச் செய்தல், சொல்லிக்கொடுத்து ஊக்குவித்தல்.

ஓரெம் நோயாளிகளை நினைத்து எழுதினார். நம் வீடுகளில் நல்ல கைகால்களோடு இருப்போர்க்கும் மூன்றும் நடக்கின்றன. முழுக்காளர் முதல்வகை, கஷாயர் இரண்டாம்வகை, ஏனெனில் குடிக்கும் வேலையை அவரே செய்கிறார், நடையர் மூன்றாம்வகை, "போயிட்டு வாங்க, மழை வர்ற மாதிரி இருக்கு" என்ற ஊக்குவிப்போடு.

நம் அரசும் அளந்திருக்கிறது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, தூக்கம், உணவு உட்படத் தற்பேணலுக்கு ஆண் நாளொன்றுக்கு 710 நிமிடமும் பெண் 706 நிமிடமும் செலவிடுகின்றனர். நான்கே நிமிடம்தான் வேறுபாடு. சமத்துவம் வந்துவிட்டது என்று நூலை மூடிவிடலாம். அடுத்த அட்டவணையைப் புரட்டக் கூடாது. ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடுவோருள் பெண் 289 நிமிடமும் ஆண் 88 நிமிடமும் செலவிடுகின்றனர். எச்சம் எங்கே போகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

தடையும் விடையும்

அற்றேல், திருவல்லிக்கேணி மேன்ஷனில் தனித்து வாழ்பவர் தம் டம்ளரைத் தாமே கழுவுகிறாரே, அவர்தான் தற்பேணுவோருள் தலையானவரோ எனின், ஆம் என்க. வேறு வழியின்றிக் கழுவினாரே என்று தள்ளுவதற்கில்லை. டம்ளர் காரணம் கேட்பதில்லை.

அற்றேல், பெண்டிரும் முழுகுகின்றனர், நடக்கின்றனர், முகத்துக்குக் கடலைமாவு பூசுகின்றனரே, அவ்வெச்சம் யார் பங்கு எனின், பெரும்பாலும் அவர் பங்கே. வசதியுள்ள வீட்டில் அது பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவிடம் இறங்கும். அந்த அம்மாவின் கைவிரல் இடுக்கில் சோப்புத்தூளால் வரும் சேற்றுப்புண்ணுக்கு எந்த நாளிதழ் இணைப்பிலும் குறிப்பு இல்லை.

எஞ்சியோர்

ஐவகையுள் அடங்காதவர் ஆறாமவர். இவரை ரத்தப் பரிசோதனையில் காணலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்க எட்டு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும். பட்டினி இவருக்குப் பெரிதன்று. ஆனால் பரிசோதனைக்கூடத்துக்குப் போகும் முன் மூன்று டிபன் பாக்ஸ் நிறைய வேண்டும். சாம்பாரில் உப்பு பார்க்க வேண்டும். நாக்கில் விட்டால் ஃபாஸ்டிங் முறிந்துவிடும். உப்புப் பார்க்காமல் அனுப்பிய சாம்பாரைப் பற்றி மாலையில் வழக்கு வரும். எனவே பரிசோதனை அடுத்த வாரத்துக்குத் தள்ளப்படும். அடுத்த வாரமும் டிபன் பாக்ஸ் மூன்றுதான்.

இவர் ஒருநாள் தம்மைப் பேணத் தொடங்கினால் மற்ற ஐவகையும் நண்பகலுக்குள் நின்றுபோகும் என்பது இந்நூலின் முடிபு.

புறனடை

மேற்சொன்னவற்றால் பெறப்படும் விதி ஒன்றே. பேணியவரே எச்சத்தையும் நீக்கினால் அது தற்பேணல். பிறர் நீக்கினால் அது பேணப்படுதல். இரண்டாவதும் இன்பமானதே, குழந்தைக்கும் நோயாளிக்கும் உரியதே. பெயரை மட்டும் மாற்றிச் சொல்லற்க.

எப்போது நீக்குவது, நேரம் எங்கே என்பார்க்கு வைத்திய மரபே இடம் வைத்திருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் பகலில் தூங்கலாகாது என்று பெரியோர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கின்றனர். அந்த நீண்ட சனிக்கிழமைப் பகலில் தூங்காமல் என்ன செய்வது என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. யாம் சொல்கிறோம்: தேய்க்கும் பிரஷ் கதவுக்குப் பின்னால் இருக்கிறது, பிளீச்சிங் பவுடர் அலமாரியின் கீழ்த்தட்டில். அதையும் "எங்கே?" என்று உள்ளிருந்து கேட்கற்க.