உபயம்: அண்ணாச்சி

சிவகாசியிலோ விருதுநகரிலோ தெருவுக்கு ஒரு போர்டு அண்ணாச்சி உண்டு. பட்டாசுக் கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு ஓய்ந்தவர். வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு போடச் சொல்லி மனு மேல் மனு கொடுத்து அலுத்த பிறகு, ‘மெதுவாகச் செல்லவும்’ என்று சொந்தச் செலவிலேயே எழுதி நட்டுவிடத் துணிவார். காலண்டரும் டைரியும் அடித்து நாட்டுக்கே அனுப்புகிற ஊரில் எழுத்துக்கா பஞ்சம்? டி.டி.பி. கடையில் போய், ஜவுளிக்கடையில் முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்போல உட்கார்ந்துகொள்வார். “நல்ல எழுத்தா காட்டு தம்பி.”

தம்பியிடம் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஏகப்பட்ட ஃபான்ட் கிடக்கும். முந்தின முதலாளி, அவருக்கும் முந்தின முதலாளி என்று கம்ப்யூட்டரோடு கைமாறி வந்த பிதுரார்ஜிதம். அண்ணாச்சி அங்கேதான் திரியைப் பற்றவைப்பார்.

“இதுக்கெல்லாம் லைசென்ஸ் இருக்காப்பா?”

வெடிபொருள் லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, அதன் கீழே உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவர். லைசென்ஸ் இல்லாமல் ஒரு கம்பி மத்தாப்பு விற்றாலும் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். “நாளைக்கு ஒரு ஆபீசர் வந்து கேட்டா நான் எதைக் காட்ட?” தம்பிக்குத் தெரிந்த ஒரே லைசென்ஸ் டிரைவிங் லைசென்ஸ், அதையும் இன்னும் எடுக்கவில்லை.

“அப்ப ஓப்பன் லைசென்ஸ் ஃபான்ட் போடுவோம் அண்ணாச்சி. போர்டுல போடலாம், பத்திரிகையில அடிக்கலாம், யாரும் காசு கேக்க மாட்டாங்க. ஃபான்ட்டை மட்டும் தனியா விக்கக் கூடாது.”

“நான் ஏன் விக்கப் போறேன்? காட்டு.”

ஹிந்த் மதுரை: “மதுரைக்காரன் எழுத்து நமக்கு எதுக்கு?” கட்டமரான்: “கட்டுமரமா? குடிக்கவே தண்ணி இல்ல, மிதக்கவா போகுது?” பலூ தம்பியைப் பார்த்ததும் முகம் மலரும். உருண்டு திரண்ட எழுத்து, பேரிலும் தம்பி. அதுவே முடிவாகும். ஒரு வகையில் நல்ல முடிவுதான். ராத்திரி ஹெட்லைட்டில் மின்ன ரேடியம் ஸ்டிக்கரில் வெட்டும்போது, அலங்கார எழுத்தின் மெல்லிய கோடுகள் பிய்ந்து கையோடு வந்துவிடும். குண்டு எழுத்து தாங்கும்.

ஆனால் தம்பியின் பழைய கோரல்டிராவுக்கு யூனிகோடு ஒத்துக்கொள்ளாது. ‘மெ’யின் கொம்பு இடம் மாறி, ம-வுக்குப் பின்னால் போய் நிற்கும். “மாட்டுக்குக்கூட முன்னாலதாம்ப்பா கொம்பு!” வேறு கடையில் புது வெர்ஷனில் டைப் செய்து, ஃபான்ட் இல்லாத இடத்திலும் குழம்பாமல் இருக்க ‘கர்வ்ஸ்’ ஆக்கிக் கொண்டுவருவதற்குள் டீ மூன்று ரவுண்டு போயிருக்கும். புள்ளிகளின் தொல்லை தனி. சின்னதாக வைத்தால் பைக்காரன் கண்ணுக்கு ‘மெதுவாகச செலலவும’ ஆகிவிடும்.

பிரிட்டனில் ஜாக் கின்னியர், மார்கரெட் கால்வெர்ட் என்ற இரு வடிவமைப்பாளர்கள், ஓடுகிற காரிலிருந்து படிக்க முடிய வேண்டும் என்று பார்த்துத்தான் சாலை எழுத்தை வடித்தார்கள். 1965இல் அது நாடு முழுதும் நடைமுறைக்கு வந்தது. பள்ளிக்கூடப் பலகையில் சின்னப் பையனைக் கைப்பிடித்துப் போகிற சிறுமியைத் தன்னையே மனதில் வைத்து வரைந்ததாக கால்வெர்ட் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள்கூடப் பலகையில் பேர் போட்டுக்கொள்ளவில்லை.

நம் அண்ணாச்சி அப்படி விடுவாரா? ‘மெதுவாகச் செல்லவும்’ இரண்டு அங்குலம். ‘உபயம்’ என்று போட்டு அதன் கீழே அவர் பேர், தகப்பனார் பேர், கடைப் பேர் எல்லாம் நாலு அங்குலம். அதைப் படித்து முடிக்க வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தித்தான் ஆகவேண்டும். அந்த மட்டுக்குப் போர்டு வேலை செய்கிறது.

டி.டி.பி. தம்பிமாரே, அடுத்த அண்ணாச்சி வந்தால் ஃபான்ட்டை அவர் இஷ்டத்துக்கே விடுங்கள். உபயத்தில் ஓர் அங்குலம் குறைத்துப் புள்ளிகளுக்குக் கொடுங்கள்.