இடாப்பை மூடிவிட்டு நாட்குறிப்பைத் திறப்பவர்களுக்கு

கேள்வி: வருடக்கணக்காகப் படிப்பித்துக்கொண்டிருக்கும் எனக்கு, ஒரு நிறுவனத்தின் பணிப்பாளரிடம் பிரத்தியேகச் செயலாளராகச் சேரும்படி அழைப்பு வந்திருக்கிறது. சம்பளமும் அதிகம். ஆனால் ஊரிலே, "ரீச்சராய் இருந்தவ போய் இன்னொருத்தருக்குப் பை தூக்கப் போறாவோ?" என்று கதைக்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
(ஓர் ஆசிரியை, நாயாறு)

பதில்: அப்படிக் கேட்பவர்களுக்கு, வலங்கைமானில் ஓர் ஏழைப் புரோகிதரின் மகனாகப் பிறந்த வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியாரின் சரித்திரத்தைச் சொல்லுங்கள். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து, ஆங்கில பாஷையைப் பிழையறப் பேசுவதிலும் பேசுவிப்பதிலும் பெரும் பெயர் எடுத்திருந்த அவர், 1907ஆம் ஆண்டில் அந்த ஆசனத்தைவிட்டு எழுந்து, கோபால கிருஷ்ண கோகலே 1905இல் புனாவில் ஸ்தாபித்திருந்த இந்திய ஊழியர் சங்கத்திலே, சொற்ப ஜீவனப்படியை ஏற்றுக்கொண்டு, மறுபடியும் ஒரு சிஷ்யராகப் போய் அமர்ந்தார். 1915இல் கோகலே மறைந்தபோது சங்கத்தின் தலைமை அவரிடமே வந்து சேர்ந்தது. கோகலேயும் பெர்குசன் கல்லூரியில் கணிதம் படிப்பித்தவர்தாம். வகுப்பு முடிந்த நேரங்களிலே மகாதேவ கோவிந்த ரானடேயின் அருகிருந்து, மனுக்களும் அறிக்கைகளும் எழுதப் பழகியவர். இப்படி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பொதுக்காரியம் போய்ச் சேர்ந்த பாதை முழுவதும் பை தூக்கியவர்களின் பாதையாகவே இருந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். 1912இல் கோகலே தென்னாபிரிக்கா சென்றபோது, அங்கே பாரிஸ்டராகப் பெயர்பெற்றிருந்த காந்தி, அவருடைய பிரயாணம் முழுவதிலும் காரியதரிசியாகவும் பணியாளராகவும் கூடவே நின்றார். ஜொஹன்னஸ்பேர்க் விருந்துக்குக் கோகலே அணியவேண்டியிருந்த அங்கவஸ்திரம், ரானடே கொடுத்த அருமையான பரிசு, அது கசங்கியிருந்தது. அதைப் பாரிஸ்டர் கையில் இஸ்திரிக்குக் கொடுக்கக் கோகலே தயங்கினார். காந்தி விடாமல் கேட்டு வாங்கி, சுருக்கமில்லாமல் தேய்த்துக் கொடுத்தார்.

ஆகையால், உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: யாருடைய பை, அதற்குள் என்ன இருக்கிறது? பணிப்பாளர் நாணயமானவர், அவருடைய காரியத்தால் நாலு பேருக்கு நன்மை உண்டு என்று விசாரித்து அறிந்தீர்களானால், தலை நிமிர்ந்து தூக்குங்கள். அப்படி இல்லையென்று கேள்விப்பட்டால், சம்பளம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பாரமாக அந்தப் பை இருக்கும்.

கேள்வி: படிப்பித்த ஒருவருக்கு இந்த உத்தியோகம் சுலபமாக வருமா?
(ஓர் ஆசிரியர், அளம்பில்)

பதில்: பாதி சுலபம். நேரசூசி போடத் தெரிந்தவருக்கு ஒருவருடைய நாளை வகுத்துக் கொடுக்கத் தெரியும். நாற்பது பிள்ளைகளின் பெயரையும் தாய் தகப்பனின் முகத்தையும் நினைவில் வைத்திருந்தவருக்கு வருகிறவர் போகிறவரை மறக்காதிருக்கத் தெரியும். மற்றப் பாதிதான் கஷ்டம். ஆசிரியர் வாய் திறந்தால் வகுப்பு அடங்கும் என்பது பல்லாண்டு அப்பியாசம். செயலாளரோ, தமக்குத் தெரிந்த விஷயத்தை இன்னொருவர் தவறாகச் சொல்லும்போதும் சபையிலே வாளாவிருந்து, பிறகு தனியே, ஒரு துண்டுக் காகிதத்தில், மரியாதையாக எழுதி வைக்க வேண்டியவர். சிவப்பு மையைக் கையிலிருந்து இறக்கி வைப்பது, வெண்கட்டியை இறக்கி வைப்பதைவிட நெடுநாள் எடுக்கும்.

ஆனால் இறக்கி வைக்கக்கூடாத ஒரு குணமும் உண்டு. நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். நாயாற்றுத் தொடுவாயை அண்டிய வாடியிலிருந்து ஒரு தொழிலாளி, படகுப் பதிவு சம்பந்தமாகத் தமக்கு வந்த கடிதத்தைச் சொப்பிங் பையில் நாலாக மடித்துச் சுற்றி, முதல் பஸ்ஸில் ஏறிவந்து, கந்தோர் வாசலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் சிங்களத்தில் இருக்கிறது. அதில் ஒரு திகதி இருக்கிறது. அந்தத் திகதிக்குள் பதில் போகாவிட்டால் அடுத்த பருவத்துக்குக் கடலில் இறங்க முடியாமற் போகலாம் என்பது அவருக்குத் தெரியாது. வழக்கமான செயலாளர், "ஐயா கூட்டத்தில் இருக்கிறார், வெள்ளிக்கிழமை வாருங்கள்" என்பார். அதில் பொய்யும் இராது. வகுப்பறையில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்த்துப் பழகிய ஒருவரோ, கடிதத்தை வாங்கி, விரித்து, விரலால் திகதியைத் தொட்டுக் காட்டி, "இது எப்போது கிடைத்தது?" என்று கேட்பார். தொழிலாளி வெறுங்கையோடு திரும்பிப் போவதும், காரியம் முடித்துப் போவதும் அந்தக் கேள்வியிலேதான் இருக்கிறது.

நம்முடைய வன்னியிலே, விசேஷமாக 1984இல் ஊரைவிட்டு எழுப்பப்பட்டு, யுத்தம் ஓய்ந்த பின்னரே திரும்பிவந்த கொக்குத்தொடுவாய், கொக்கிளாய் மக்களைப் போன்றவர்களுக்கு, காணிக்கும் கடலுக்கும் காணாமற் போனவர்களுக்குமாக எத்தனை வாசல்கள் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது! அந்த வாசல்களில் ஒவ்வோர் ஆசிரியராவது இருந்திருந்தால் என்று நான் பல தடவை ஏங்கியதுண்டு.

கேள்வி: சுருக்கெழுத்து எனக்குத் தெரியாது. தகுதிக் குறைவா?
(ஒரு தொண்டர் ஆசிரியை, கொக்குத்தொடுவாய்)

பதில்: இல்லை. கணினியில் தமிழைத் தடையில்லாமல் தட்டச்சு செய்யவும், சிங்களத்தைப் பிழையில்லாமல் வாசிக்கவும் பழகுங்கள். மேற்படி தொழிலாளியின் கடிதத்தை நினைத்தால் எது முதலில் வேண்டும் என்பது விளங்கும்.

கேள்வி: முதலாளியின் கொள்கை எனக்கு ஒவ்வாததாக இருந்தால் அவரிடம் உண்மையாக வேலை செய்ய முடியுமா?
(வாசகர், வவுனியா)

பதில்: முடியும் என்பதற்கும், ஓர் எல்லைக்கு அப்பால் முடியாது என்பதற்கும் நல்லூர் ஆறுமுக நாவலர் ஒருவரே சாட்சி. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் தாம் படித்து, அங்கேயே படிப்பிக்கவும் தொடங்கிய அவரை, பேர்சிவல் பாதிரியார் தமக்குத் தமிழ்ப் பண்டிதராகவும் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணையாகவும் அமர்த்திக்கொண்டார். நாவலரோ நெற்றியில் விபூதி தரித்த சைவர். ஆயினும், கையில் எடுத்த வசனத்தைக் குறைவறச் செய்துகொடுப்பதே தமது கடமை என்று, தம் சமயத்துக்குப் புறம்பான நூலுக்குத் தம் தமிழின் முழு வன்மையையும் கொடுத்தார். மொழிபெயர்ப்பைச் சென்னையிலே தமிழ் வித்துவான் மழவை மகாலிங்கையர் பார்த்து ஒப்புக்கொண்டதும் பிரசித்தம். பிறகு 1848இல், தம் உள்ளம் வேறொரு தொண்டை வேண்டி நின்றபோது, அந்த உத்தியோகத்தை விட்டு நீங்கி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இருந்த நாளில் அரைமனதாக வேலை செய்யவுமில்லை, மனம் விட்ட பின்னர் சம்பளத்துக்காக இருக்கவுமில்லை. உங்களுக்கு இதைவிட நல்ல முன்மாதிரியை நான் எங்கே தேடுவேன்?

கேள்வி: என்னிடம் படித்த பையன் இன்று பெரிய நிலைக்கு வந்து, தனக்கு உதவியாளராக வரும்படி கேட்கிறான். குரு சிஷ்யனிடம் கைகட்டி நிற்கலாமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், செம்மலை)

பதில்: அழைத்த மாணவருக்கு என் வாழ்த்துக்களை முதலில் சேர்ப்பியுங்கள், வெற்றி கண்டபின் ஆசிரியரை நினைப்பவர்கள் பலர், அருகிலே வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் சிலர்.

அமெரிக்காவிலே, பார்வையும் செவிப்புலனும் இழந்திருந்த ஹெலன் கெல்லர் என்ற சிறுமிக்குப் படிப்பிக்க 1887 மார்ச் மாதத்தில் வந்த ஆன் சலிவனுக்கு அப்போது இருபது வயது. அவருடைய கண்களும் பழுதுபட்டவையே. அந்தச் சிறுமி வளர்ந்து ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தபோது, ஆசிரியை பக்கத்தில் அமர்ந்து, விரிவுரையாளர் சொல்வதையெல்லாம் எழுத்தெழுத்தாக மாணவியின் உள்ளங்கையில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார். புத்தகங்களை வாசித்து வாசித்துத் தம் கண்ணை இன்னும் கெடுத்துக்கொண்டார். 1904இல் பட்டம் பெற்றது மாணவி. பிற்பாடு கடிதங்களும் பிரயாணங்களும் பெருகியபோது, 1914இல் பொலி தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துப் பெண் செயலாளராக வந்து சேர்ந்தார். ஆனாலும் சலிவன் 1936இல் கண்மூடும் வரையில் மாணவியை விட்டு அகலவில்லை. அந்த வகுப்பறையில் கைகட்டி நின்றது யார் என்று உங்களால் சொல்ல முடியுமானால், என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். போய்ச் சேருங்கள். ஒரே ஒரு நிபந்தனை: பிறர் முன்னிலையில் அவரைப் பழையபடி "டேய்" என்று அழைக்க வேண்டாம்.

கேள்வி: அரச ஆசிரியர் சேவையை விட்டுத் தனியார் துறைக்குப் போனால் ஓய்வூதியம்?
(இலிகிதர் ஒருவரின் மனைவி, முல்லைத்தீவு)

பதில்: ராஜிநாமாக் கடிதம் எழுதுமுன் வலயக் கல்விப் பணிமனைக்குப் போய், உங்கள் சுயவிபரக் கோவையை எடுத்துவைத்து, என்ன இழக்க நேரிடும் என்பதை எழுத்திலே கேட்டு வாங்குங்கள், சம்பளமற்ற விடுமுறைக்கு இடமுண்டா என்றும் அங்கேயே கேளுங்கள். புதிய இடத்தில், ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழிக்கப்பட்டு, வேலை தருபவர் பங்காக 12 சேரவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு அவரே 3 செலுத்தவேண்டும். நியமனக் கடிதத்தில் இவை இல்லையென்றால், "பிறகு பார்ப்போம்" என்ற வாய்ச்சொல்லை நம்பி இடாப்பை மூடாதீர்கள்.

கேள்வி: எங்கட தமிழ் ரீச்சர் வேலையை விட்டுப் போகப்போறாவாம். அவ போனால் எங்களுக்கு ஆர் படிப்பிக்கிறது? போகவேண்டாம் எண்டு எழுதுங்கோ.
(ஒரு மாணவி, நாயாறு)

பதில்: பிள்ளை, இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் உன்னுடையதைத்தான் நான் மறுபடி மறுபடி வாசித்தேன். கரையோரத்துப் பாடசாலைகளில் ஓர் ஆசிரியை போனால், அந்தக் கதிரை எவ்வளவு காலம் வெறுமையாகக் கிடக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போகவேண்டாம் என்று கட்டளையிட எனக்கு அதிகாரம் இல்லை. அவவுக்கும் ஒரு வீடு, ஒரு செலவு, ஒரு விருப்பம் உண்டு. ஆனால் இதை வாசிக்கும் ரீச்சருக்கு ஒரு விண்ணப்பம் செய்கிறேன்: தவணை நடுவில் எழுந்து போகாதீர்கள், உங்கள் இடத்துக்கு ஒருவரை அனுப்பும்படி அதிபரோடு சேர்ந்து நீங்களே வலயத்துக்கு எழுதுங்கள். நல்ல விண்ணப்பம் எழுதுவதுதானே இனி உங்கள் தொழில். முதலாவதை இந்தப் பிள்ளைகளுக்காக எழுதுங்கள்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன், பிள்ளை. ரீச்சரின் புதிய விலாசத்தைக் கேட்டு வாங்கி, மாதம் ஒரு கட்டுரை எழுதித் தபாலில் போடு. திருத்தித் திருப்பி அனுப்புவா. அனுப்பாவிட்டால் எனக்கு எழுது. நான் அவவுக்கு எழுதுகிறேன்.