நாகத்துக்கும் சாரைக்கும் சம்பந்தமா?

கேள்வி: எங்கள் வயல் வரம்பில் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு நிமிர்ந்து நின்றன. நாகமும் சாரையும் சேருகின்றன என்கிறார் பெரியப்பா. புது இனம் பிறக்குமா?
– ஒரு வாசகர், சித்தாண்டி

பதில்: தம்பி, நீங்கள் பார்த்தது கலியாணம் இல்லை, மல்யுத்தம்! இரண்டுமே சாரை, இரண்டுமே ஆண். உடலை முறுக்கி, ஒன்றின் தலையை மற்றது தரையோடு அழுத்தப் பார்க்கும். கடிக்காது. தோற்றவர் நழுவிவிடுவார், வென்றவர் பெண் பாம்போடு சேர, அவர் பலம் குஞ்சுகளுக்குப் போகும். இயற்கைத் தேர்வின் ஒரு முகத்தை வரம்பில் நின்றே கண்டுவிட்டீர்கள்!

நாகமும் சாரையும் வேறு வேறு குடும்பங்கள். பிரிந்து சில கோடி ஆண்டுகள் ஆயிற்று, இனிச் சம்பந்தம் பேச முடியாது. நெருங்கிய சொந்தத்துக்குள்தான் கலப்பு நடக்கும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இரண்டு வகைக் கிலுகிலுப்பை விரியன்கள் சந்திக்கும் இடத்தில் கலக்கின்றன. அங்கே சில கலப்புப் பாம்புகளிடம் இரு வகைகளின் நஞ்சும் உண்டு. அந்த இடத்தைத் தாண்டி அந்தக் கலவை பெரிதாகப் பரவவில்லை.

புது இனம் பெரும்பாலும் பிறப்பது கலப்பால் அல்ல, ஒரு கூட்டம் பிரிந்து தனித்து வாழ்வதால்தான். கட்டுவிரியன்களைப் பாருங்கள். உங்கள் வறண்ட பக்கத்துக் கட்டுவிரியன் இந்தியாவிலும் உண்டு. இலங்கையின் தென்மேற்கு ஈரக் காட்டில் இருப்பதோ இந்தத் தீவுக்கு மட்டுமே உரிய இன்னொரு கட்டுவிரியன்.